அழாத பிள்ளையின் பால்

கார்னிவல் என்ற அமெரிக்கச் சொகுசுக் கப்பல் நிறுவனம் 'எர்லி சேவர்' என்ற பெயரில் ஒரு கட்டணத்தைப் பல ஆண்டுகள் விற்றது. பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்கிறவர்களுக்கானது அது. விலை கொஞ்சம் குறைவு. பதிலுக்கு, கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்காது. இதுவரை புதிதாக எதுவும் இல்லை. கூடவே வந்த வாக்குறுதிதான் விசேஷம். நீங்கள் பதிவு செய்த பிறகு, அதே கப்பல், அதே தேதி, அதே வகை அறைக்கு நாங்களே இன்னும் குறைந்த விலையை அறிவித்தால் வித்தியாசத்தை உங்களுக்குத் தருகிறோம் என்றது நிறுவனம். கப்பல் கிளம்ப இரண்டு வேலை நாட்கள் இருக்கும்வரை இது செல்லும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எதையும் முந்திக்கொண்டு வாங்குகிற எல்லோருக்கும் வயிற்றில் ஒரு கலக்கம் இருக்கும். "நாளைக்கே விலை குறைஞ்சுட்டா?" அந்தக் கலக்கத்துக்கான மருந்து இது. இப்போதே வாங்குங்கள், நிம்மதியாகத் தூங்குங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வதுபோல் இருக்கிறது.

ஆனால் அப்படிச் சொல்லவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் உதாரணத்துக்கு மட்டும். மயாமியிலிருந்து கிளம்பும் ஏழு நாள் கரீபியப் பயணம், நவம்பரில். ஒருவர் ஜனவரியிலேயே பால்கனி வைத்த அறையை 1,200 டாலருக்குப் பதிவு செய்கிறார். ஆகஸ்டில் அதே வகை அறையின் விலை 950 ஆகிறது. அவருக்கு 250 டாலர் வர வேண்டும். அது தானாக வராது. விலை குறைந்ததை அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். நிறுவனத்தின் ஆள் சரிபார்க்கும் நேரத்தில் அந்தக் குறைந்த விலை இன்னும் விற்பனையில் இருக்க வேண்டும். அறை வகை ஒரு படி மாறியிருந்தாலும் செல்லாது. குறிப்பிட்ட ஒரு சாராருக்கு மட்டுமான சலுகை விலை கணக்கில் வராது. எல்லாம் பொருந்தினால் 250 டாலர் வரும். அதுவும் வங்கிக் கணக்குக்கு இல்லை, கப்பலுக்குள் செலவழிக்கும் வரவாக வரும்.

வேறு நிறுவனங்களில் வேறு வடிவங்கள் உண்டு. சிலர் பதிவு செய்த 48 மணி நேரத்துக்குள் குறைந்த விலையைக் காட்டினால் மட்டும் ஏற்பார்கள். பலர், மீதித் தொகையைக் கட்டி முடிக்கும் கடைசி நாள்வரை புதிய விலைக்கு மாற்றிக்கொள்ள விடுவார்கள். பெரும்பாலும் பயணத்துக்கு மூன்று மாதத்தை ஒட்டி அந்த நாள் வரும். அதற்குப் பிறகு கிடைப்பதெல்லாம் அவர்கள் மனசு. வடிவம் எதுவானாலும் ஒரு விஷயம் மாறுவதில்லை. கேட்டால்தான் கிடைக்கும். அழுத பிள்ளைக்குத்தான் பால்.

கேட்டால் மட்டும் நிறைவேறும் வாக்குறுதியை வாக்குறுதி என்று சொல்லலாமா என்பதுதான் என் கேள்வி.

*

முதலில், ஒரே அறைக்கு ஏன் நாளுக்கொரு விலை?

1972இல் கென்னத் லிட்டில்வுட் என்பவர் பிரிட்டிஷ் விமான நிறுவனமான பிஓஏசியில் வேலை பார்த்துக்கொண்டு ஒரு எளிய விதியை எழுதினார். கையில் ஒரு இருக்கை இருக்கிறது. குறைந்த விலைக்குக் கேட்டு ஒருவர் இப்போதே வந்து நிற்கிறார். அவருக்குக் கொடுப்பதா, நாளை முழு விலை தரக்கூடிய ஒருவருக்காகக் காத்திருப்பதா? முழு விலையை, அப்படி ஒருவர் வரும் சாத்தியத்தால் பெருக்கு. வரும் தொகையைவிட இன்றைய விலை அதிகமாக இருந்தால் விற்றுவிடு. அவ்வளவுதான். இன்றைக்கு விமானம், விடுதி, கப்பல் எல்லாவற்றின் விலை மென்பொருளுக்குள்ளும் இந்த விதியின் பேரப்பிள்ளைகள்தான் ஓடுகின்றன.

கப்பலில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. விமான இருக்கை காலியாகப் போனால் டிக்கெட் பணம் மட்டும் நஷ்டம். கப்பல் அறை காலியாகப் போனால், உள்ளே இருந்திருக்க வேண்டியவர் குடிக்காத மது, ஆடாத சூதாட்டம், போகாத கரைச் சுற்றுலா எல்லாமே நஷ்டம். கார்னிவலின் ஆண்டறிக்கையைப் பார்த்தால் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டில் வருவதில்லை, கப்பலுக்குள் நடக்கும் செலவில் வருகிறது. அதனால் கப்பல் நிறைந்தே கிளம்ப வேண்டும். இந்தத் தொழிலில் ஒரு அறைக்கு இரண்டு பேர் என்றால் 100% நிறைந்ததாகக் கணக்கு. மூன்றாவது படுக்கையில் பிள்ளைகள் ஏறிக்கொள்வதால் 105% என்றெல்லாம் பெருமையாக அறிவிப்பார்கள். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் போன 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் அறைக்கு இரண்டு பேர் கணக்கில் 5,610 பேர். உச்சக் கொள்ளளவு 7,600. இவ்வளவு பெரிய மிதக்கும் ஊரை வாராவாரம் நிரப்ப வேண்டும்.

நிரப்ப வேண்டுமென்றால் கடைசி வாரங்களில் விலையைக் குறைக்க வேண்டிவரும். குறைத்தால் மக்கள் பாடம் கற்றுக்கொள்வார்கள்: அவசரப்படாதே, காத்திரு. எல்லோரும் காத்திருந்தால் முன்கூட்டி வாங்க ஆளே இருக்காது. பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1972இல் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார். நீடித்து உழைக்கும் பொருளை விற்கும் ஏகபோக வியாபாரிக்கும் ஒரு போட்டியாளர் உண்டு. நாளைக்கு விலை குறைக்கப்போகிற அவரேதான் அது. கப்பல் அறை நீடித்து உழைக்கும் பொருள் இல்லை. ஆனாலும் வாங்குகிறவர் மனசுக்குள் நடப்பது இதேதான். நாளைய வியாபாரியை எதிர்பார்த்து இன்றைய வியாபாரியிடம் வாங்காமல் போகிறார்.

விலை உத்தரவாதம் பிறப்பது இந்த இடத்தில்தான். நாளைக்கு நானே விலை குறைத்தாலும் நீ நஷ்டப்பட மாட்டாய், அதனால் இன்றே வா என்கிறது நிறுவனம். முன்கூட்டி வருகிறவர் அதற்கு நிறையவே தருகிறார். பத்து மாதங்களுக்கு முன்பே தன் பணத்தைத் தருகிறார். தேவை எவ்வளவு இருக்கும் என்ற தகவலைத் தருகிறார். திரும்பி வராத முன்பணத்தின் மூலம் தன் மனம் மாறும் சுதந்திரத்தையும் தருகிறார். நிறுவனத்துக்கு மிகவும் வேண்டிய வாடிக்கையாளர் இவர்தான்.

*

சரி, வாங்கிய பிறகு விலை குறைந்தால் அவருக்கு என்ன அநியாயம் நடந்துவிட்டது?

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் ஒரு உவமை உண்டு. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் கூலிக்கு ஆள் எடுக்கிறார். நாள் கூலி ஒரு தெனாரியம் என்று பேச்சு. பிறகு காலையில், நண்பகலில், மாலையில் என்று வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்வரை ஆட்களை அழைத்துக்கொண்டே இருக்கிறார். கடைசியில் எல்லோருக்கும் ஒரே கூலி. விடியலிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலியைத் தந்துவிட்டேன், இன்னொருவருக்கு நான் தாராளமாக இருப்பதில் உனக்கென்ன என்பது தோட்டக்காரரின் பதில்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்ட யாருக்கும் முதலில் அந்த முணுமுணுப்பவர்கள் பக்கம்தான் மனம் சாயும். ஆனால் நின்று யோசித்தால் தோட்டக்காரர் சொல்வதை மறுப்பது கஷ்டம். ஒரு தெனாரியம் காலையில் நியாயமாகத் தெரிந்தது. மாலையில் அநியாயமாக மாறியது பக்கத்தில் நின்றவர் கையைப் பார்த்த பிறகுதான். கப்பலிலும் அப்படித்தான். 1,200 டாலருக்கு இந்தப் பயணம் தகும் என்று முடிவெடுத்துத்தான் வாங்கினார். பயணம் மாறவில்லை. கடலின் நீலம் 250 டாலர் அளவுக்கு வெளிறிவிடவில்லை. பக்கத்து அறைக்காரர் என்ன கொடுத்தார் என்று தெரிந்ததும் மட்டும் மனம் புழுங்குகிறது.

ஆக, உத்தரவாதமே இல்லாத இடத்தில் வாங்கியவருக்கு விலை குறைவதால் அநீதி எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். பேசிய விலை பேசியதுதான்.

விற்பவருக்கு எதிர்காலம் முன்பே தெரிந்திருந்தால்? இதுவும் பழைய கேள்விதான், அதிலும் ஒரு கப்பல் வருகிறது. கி.மு. 44இல் சிசரோ எழுதிய 'கடமைகள் குறித்து' நூலின் மூன்றாம் பகுதியில், பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வியாபாரி வருகிறார். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் பார்த்துவிட்டார். ஊர்க்காரர்களிடம் அதைச் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் இன்றைய உச்ச விலைக்கு விற்கலாமா? ஸ்டோயிக் தத்துவவாதிகளான பாபிலோனிய டயோஜெனிஸும் அவர் மாணவர் ஆன்டிபேட்டரும் இதில் எதிரெதிரே நிற்கிறார்கள். பொருளின் குறையை மறைக்காதவரை போதும், தெரிந்ததையெல்லாம் சொல்லும் கடமை இல்லை என்கிறார் ஆசிரியர். சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறார் மாணவர். சிசரோ மாணவர் பக்கம். பதின்மூன்று நூற்றாண்டுகள் கழித்துத் தாமஸ் அக்வினாஸ் இதே மாதிரி ஒரு வியாபாரியை எடுத்துக்கொண்டு நடுவில் நிற்கிறார். இன்றைய விலைக்கு விற்பது நீதிக்கு விரோதம் இல்லை, ஆனால் சொல்லிவிட்டோ விலையைக் குறைத்தோ விற்றால் அது இன்னும் உயர்ந்த பண்பு என்கிறார்.

இந்த இருவர் தராசிலும் நம் கப்பல் நிறுவனம் தேறிவிடுகிறது. அது எதையும் மறைக்கவில்லை. விலை குறையலாம் என்று அதுவே சொல்கிறது. குறைந்தால் தருகிறேன் என்றும் சொல்கிறது. ரோட்ஸ் வியாபாரியைவிட ஒரு படி மேல்தான்.

பிறகு ஏன் எனக்கு உறுத்துகிறது?

*

உறுத்தல் என் தொழிலிலிருந்து வருகிறது. நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு படிவத்தைப் பார்த்தால் அதன் பின்னால் இருக்கும் அட்டவணைகள் கண்ணுக்குத் தெரியும். யார் எந்தக் கப்பலில், எந்தத் தேதியில், எந்த வகை அறையை, என்ன விலைக்கு எடுத்தார் என்பது ஒரு அட்டவணை. இன்றைக்கு எந்த அறை வகைக்கு என்ன விலை என்பது இன்னொன்று. இரண்டும் நிறுவனத்திடம் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து, கட்டிய விலை இன்றைய விலையைவிட அதிகமாக உள்ளவர்களைக் காட்டு என்று கேட்பதற்கு எஸ்க்யூஎல் மொழியில் ஐந்தாறு வரிகள் போதும். கல்லூரி மூன்றாம் ஆண்டு ஆய்வகப் பரீட்சைக் கேள்வி. இரவில் ஒருமுறை ஓடவிட்டால் காலையில் பட்டியல் தயார்.

நிஜ அமைப்பு இவ்வளவு எளிதாக இருக்காது என்று என்னைப் போன்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். பழைய கணினிகள், முகவர்கள் வழி வந்த பதிவுகள், ஒன்றோடொன்று ஒட்டிய சலுகைகள் எல்லாம் உண்டு. உண்மைதான். ஆனால் அதே பழைய கணினி இன்னொரு வேலையை அழகாகச் செய்கிறது. மீதித் தொகைக்கான கடைசி நாள் நெருங்கினால் நினைவூட்டல் வரும். கட்டத் தவறினால் பதிவை ரத்து செய்து முன்பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமை நிபந்தனைகளில் இருக்கிறது. தனக்கு வர வேண்டியதை நிறுவனம் கணினியை வைத்துக் கண்காணிக்கிறது. தான் தர வேண்டியதை வாடிக்கையாளரின் ஞாபக சக்தியை வைத்துக் கண்காணிக்கிறது.

வடிவமைப்புக் கூட்டங்களில் இதற்கு உராய்வு என்று பெயர். உராய்வில் இரண்டு வகை. ஒன்று உலகம் வைத்தது, நீக்கச் செலவாகும். மற்றொன்று நாம் வைத்தது, நீக்கினால் நமக்குச் செலவாகும். இந்தப் படிவம் இரண்டாவது வகை.

"கேட்டா தரப்போறாங்க. கேக்காம விட்டது யார் தப்பு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அன்றாட வாழ்க்கையில் வாக்கு என்ற சொல்லை நாம் அப்படிப் புழங்குவதில்லை. மாதா மாதம் ஐந்தாம் தேதி பணம் தருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டு, நீங்கள் கேட்ட மாதங்களில் மட்டும் தந்தால், அவரை வாக்கு தவறாதவர் என்று சொல்வோமா? கேட்டவுடன் தந்துவிடுகிறார் என்று வேண்டுமானால் சொல்வோம். அது வேறு பாராட்டு. வாக்குக் கொடுத்தவர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பாரத்தையும் சேர்த்துத்தான் தோளில் ஏற்றிக்கொள்கிறார். அந்தப் பாரத்தை எதிராளியிடமே திருப்பித் தந்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு உரிமைச் சீட்டு. உரிமைச் சீட்டு கெட்ட விஷயம் இல்லை. ஆனால் நிம்மதி என்ற பெயரில் விற்கப்பட்டது அது இல்லை.

*

இந்த இடத்தில், "அப்படியானால் தானாகவே தரச் சொல்லுங்கள், பிரச்சினை முடிந்தது" என்று கட்டுரையை முடித்துவிட ஆசை. ஆனால் நியாயமாக யோசித்தால் முடியாது. ஓட்டையே இல்லாத விலை உத்தரவாதம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1960களில் அமெரிக்காவில் மின் நிலையங்களுக்கான மாபெரும் டர்பைன் ஜெனரேட்டர்களைச் செய்யும் தொழிலில் ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் என்று இரண்டு நிறுவனங்கள்தான் மிஞ்சின. 1963இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஒரு புதிய கொள்கையை அறிவித்தது. ஒரு வாடிக்கையாளருக்கு விலையைக் குறைத்தால், அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் வாங்கிய எல்லோருக்கும் அதே குறைப்பைத் திருப்பித் தருவோம் என்றது. வெஸ்டிங்ஹவுஸும் அதையே பின்பற்றியது. வாங்குகிறவர்கள் பெரிய மின்சார நிறுவனங்கள். வர வேண்டிய பணத்தைக் கேட்க மறக்கிற ஆட்கள் இல்லை. முதல் பார்வைக்கு என்ன பெருந்தன்மை!

நடந்தது வேறு. ஒருவருக்குக் குறைத்தால் எல்லோருக்கும் தர வேண்டும் என்பதால் யாருக்கும் குறைப்பது கட்டுப்படியாகவில்லை. போட்டியாளரும் குறைக்க மாட்டார் என்று இருவருக்கும் தெரிந்தது. ரகசியமாகக் கூடிப் பேசாமலேயே விலை உறைந்து நின்றது. அமெரிக்க நீதித்துறை இதைப் போட்டிக்கு விரோதமானது என்று எதிர்த்து, 1970களின் நடுவில் இந்த முறையைக் கைவிடச் செய்தது. 1986இல் ஸ்டீவன் சாலப், தாமஸ் கூப்பர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் தனித்தனியே எழுதிய கட்டுரைகளில் இதன் தர்க்கம் தெளிவாக வந்தது. எல்லோருக்கும் சம விலை என்ற வாக்குறுதி, விற்பவர் தன் கைகளைத் தானே கட்டிக்கொள்ளும் கயிறு. கை கட்டப்பட்டவர் விலையைக் குறைக்க மாட்டார்.

கப்பலுக்குப் பொருத்திப் பாருங்கள். கடைசி நூறு அறைகளை 250 டாலர் குறைத்து விற்க நினைக்கும்போது, ஏற்கெனவே விற்ற ஆயிரம் அறைகளுக்கும் 250 தானாகத் திரும்பிப் போகும் என்றால், நூறும் காலியாகவே போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அல்லது எல்லோருக்குமே ஆரம்பத்திலிருந்து விலை கூடும். நஷ்டம் யாருக்கு? பத்து மாதம் முன்பே திட்டமிட வசதி இல்லாதவர்களுக்கு. ஃப்ளோரிடாவில் துறைமுகத்தின் பக்கத்தில் வாழும் ஓய்வூதியக்காரர்கள், மலிவாகக் கிடைத்தால் மட்டும் போகலாம் என்று காத்திருக்கும் குடும்பங்கள். உவமையில் மாலை ஐந்து மணிவரை யாரும் கூப்பிடாமல் நின்றவர்கள் மாதிரி.

ஆக உத்தரவாதத்தில் இருக்கும் ஓட்டை தற்செயலானது இல்லை. அந்த ஓட்டையால்தான் நிறுவனம் கடைசியில் விலை குறைக்க முடிகிறது. ஆயிரத்தில் சிலர் மட்டும் கேட்பார்கள். அவர்களுக்குக் கொடுத்துவிடலாம். மற்றவர்கள் கேட்காததால் மிஞ்சும் பணம்தான் கடைசி நூறு பேரின் மலிவு விலையைச் சாத்தியமாக்குகிறது.

அப்படியென்றால் கடைசியில் ஏறுகிறவரின் சலுகைக்கு யார் பணம் தருகிறார்கள்? உத்தரவாதத்தைக் கேலி செய்து ஒதுங்கியவர் இல்லை. சந்தேகப்பட்டுத் தினமும் விலையைப் பார்த்தவரும் இல்லை. "அதான் உத்தரவாதம் இருக்கே" என்று நம்பி, அதன் பிறகு பார்க்காமல் விட்டவர். உத்தரவாதம் என்ற சொல்லை அதன் முழு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டவர் எவரோ, அவர்தான்.

*

வேறு வேறு ஆட்களிடம் வேறு வேறு விலை வாங்குவது எல்லா வியாபாரத்திலும் உண்டு. பணக்காரரிடம் கூடுதலாகவும் மாணவரிடம் குறைவாகவும் வாங்கும் திரையரங்கை நாம் திட்டுவதில்லை. பால்கனிக்கு ஒரு விலை, ஜன்னலில்லாத உள்ளறைக்கு ஒரு விலை என்பதும் நியாயமே. இங்கே ஆட்களைப் பிரிக்கும் சல்லடை வேறு. வசதியால் பிரிக்கவில்லை, விருப்பத்தாலும் பிரிக்கவில்லை. நம்புகிறவர், நம்பாதவர் என்று பிரிக்கிறது. நம்புகிறவரிடம் கூடுதல் விலை.

இதற்கு நேரம் என்ற இன்னொரு முகமும் உண்டு. வேலை நடுவே இன்னொரு திரையில் விலையைப் பார்க்க என்னைப் போன்றவனால் முடியும். விலை குறைந்தால் மின்னஞ்சல் அனுப்பும் சேவைகள் இருப்பதும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்து, மூன்று வருடம் சேமித்து, அம்மாவைக் கப்பலில் கூட்டிப்போக நினைக்கும் ஒரு செவிலியருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவருக்கு அலுப்பு. விழிப்பாக இருப்பது குணம் மட்டும் இல்லை. அதற்கு ஓய்வு வேண்டும், சலிக்காத கண் வேண்டும், ஆங்கிலப் பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

அனெட் பாயர் என்ற தத்துவவாதி 'டிரஸ்ட் அண்ட் ஆன்டிடிரஸ்ட்' என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆன்டிடிரஸ்ட் என்றால் நம்பிக்கைக்கு எதிரானது என்றும் வாசிக்கலாம். ஜெனரல் எலெக்ட்ரிக் மீது பாய்ந்த போட்டிச் சட்டத்தின் பெயரும் அதுவே. அந்தக் கட்டுரை வெளிவந்ததும் 1986தான். நம்புவது என்றால் நம்மைக் காயப்படுத்தும் வாய்ப்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் அதைப் பயன்படுத்த மாட்டார் என்று இருப்பது என்கிறார் பாயர். எல்லா நம்பிக்கையும் நல்லதில்லை, கொள்ளைக்காரர்களும் ஒருவரையொருவர் நம்புகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு நம்பிக்கை உறவு ஒழுக்கமானதா என்று பார்க்க அவர் தரும் சோதனை எளிமையானது. இரண்டு பேரும் மற்றவரிடம் எதை நம்பி இருக்கிறார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லிப் பாருங்கள். சொன்ன பிறகும் உறவு நின்றால் நல்லது. சொன்னவுடன் உடைந்தால், அது அழுகிய உறவு.

விலை உத்தரவாதத்தின் மேல் இந்தச் சோதனையை வைத்துப் பார்க்கலாம். வாடிக்கையாளர் எதை நம்பி இருக்கிறார்? நிறுவனம் சொன்னதைச் செய்யும் என்பதை. இதை நிறுவனத்திடம் சொன்னால் ஒன்றும் உடையாது. நிறுவனம் எதை நம்பி இருக்கிறது? பெரும்பாலானவர்கள் கேட்க மறப்பார்கள் என்பதை. இதைப் பெரிய எழுத்தில் விளம்பரத்தில் போடட்டும்: 'விலை குறைந்தால் வித்தியாசம் தருவோம். நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த விலை கட்டுப்படியாகிறது.' படித்த அத்தனை பேரும் மறுநாளிலிருந்து பார்க்கத் தொடங்குவார்கள். திட்டம் அன்றே உடையும்.

சிசரோவின் வியாபாரி மறைத்தது பின்னால் வரும் கப்பல்களை. இந்த நிறுவனம் அதை மறைக்கவில்லை. வாங்குகிறவரைப் பற்றித் தான் போட்டிருக்கும் கணக்கை மறைக்கிறது. பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எதிரில் நிற்பவரின் அசதியை முதலாக வைத்து வியாபாரம் செய்கிறது. என் உறுத்தலுக்குப் பெயர் கிடைத்தது இங்கேதான்.

*

விழிப்பாக இருந்து 250 டாலரையும் வாங்கிவிட்டவர் ஜெயித்தவரா? அவர் கணக்கையும் பார்க்க வேண்டும். வந்தது கப்பலுக்குள் மட்டும் செல்லும் வரவு. அதில் அவர் வாங்கும் மசாஜும் மதுவும் நிறுவனத்துக்கு அடக்க விலைதான். 250 என்று எழுதிய வரவு அவர்களுக்கு 250 செலவில்லை. அதைவிடப் பெரிய செலவு இவர் பக்கம். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட்வரை விலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். குறைந்தால் படிவம். ஏறினால், "அப்பாடா, நல்லவேளை அப்பவே வாங்கினேன்" என்று ஒரு சின்னக் குதூகலம். மயாமியில் காலை வைப்பதற்கு முன்பே அந்தப் பயணத்தை அவர் நூறு முறை விலை போட்டுப் பார்த்துவிட்டார். கவலையைத் தீர்ப்பதாகச் சொன்ன மருந்து கவலையை எட்டு மாத வேலையாக மாற்றிவிட்டது.

அதனால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், முழுக்கத் தானாகத் தரும் உத்தரவாதத்தை நான் கேட்கவில்லை. அது கடைசியில் வருகிறவர்களின் கதவைச் சாத்திவிடும். இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. ஒன்று, உத்தரவாதமே தராமல் விற்பது. 'இன்றைக்கு இதுதான் விலை. நாளை குறையலாம், ஏறலாம். குறைந்தால் தர மாட்டோம்.' தோட்டக்காரரின் பேச்சு இது. கறாராக இருந்தாலும் இதைக் கேட்டவர் தூங்கலாம். மற்றொன்று, சின்ன வாக்குறுதி தந்து அதை முழுதாகக் காப்பாற்றுவது. மீதித் தொகை கட்டும் அந்த ஒரு நாளில் மட்டும் கணினியே விலையை ஒப்பிடட்டும், அன்றைக்குக் குறைவாக இருந்தால் கட்ட வேண்டிய தொகையிலேயே கழித்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடட்டும். கடைசி வாரங்களில் விலை குறைக்கும் சுதந்திரம் நிறுவனத்துக்கும் இருக்கும், மாலையில் வருகிறவருக்கும் இடம் இருக்கும். அந்தச் செவிலியர் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

வாங்குகிறவராக எனக்கு நான் வைத்திருக்கும் விதி தனி. இந்த விலைக்கு இது எனக்குத் தகுமா என்று வாங்கும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்வேன். தகும் என்றால் வாங்கிவிட்டு, பிறகு விலையைப் பார்க்க மாட்டேன். சில நூறு ரூபாய் இதில் போகும். அதை என் நிம்மதிக்கு நானே தெரிந்து தரும் விலையாக எடுத்துக்கொள்கிறேன். இதை எல்லோருக்கும் அறிவுரையாகச் சொல்ல மாட்டேன். சில நூறு ரூபாய் பெரிய விஷயமாக இருப்பவர்களிடம் போய், பார்க்காதே, நிம்மதியாக இரு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

எழுதுகிறவனாக, அதாவது படிவங்களையும் அட்டவணைகளையும் எழுதுகிறவனாக, என் கேள்வி வேறு. அடுத்த முறை ஒரு கூட்டத்தில், "யூசர் கேட்டா மட்டும் குடுக்கலாம், ஆட்டோமேட்டிக்கா வேண்டாம்" என்று யாராவது சொல்லும்போது, அவர் சொல்வது செலவைப் பற்றியா, எதிராளியின் மறதியைப் பற்றியா என்று கேட்க வேண்டும். செலவு என்றால் பேசலாம். மறதி என்றால், அந்தத் திட்டத்துக்கு உத்தரவாதம் என்று பெயர் வைக்காதீர்கள் என்றாவது சொல்ல வேண்டும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்ற பழமொழியை நாம் எப்போதும் பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதியாகவே எடுத்துக்கொள்கிறோம். அழு, கேள், விடாதே. கைக்குழந்தையைப் பொறுத்தவரை அழுகை ஒன்றுதான் தாய்க்குக் கிடைக்கும் தகவல், அதனால் பழமொழி அங்கே சரி. எந்தப் பிள்ளைக்கு எப்போது எவ்வளவு பசி என்று நிமிடக் கணக்கில் எழுதி வைத்திருக்கும் ஒருவர், அழட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால், புத்திமதி பிள்ளைக்கு இல்லை.